எடை போடப்படாத குவியல்: ராணிப்பேட்டைக் குரோமியமும் தில்லியின் கணக்கும்

2006ஆம் ஆண்டில் நியூயார்க்கைச் சேர்ந்த பிளாக்ஸ்மித் நிறுவனம் உலகின் மிக மோசமாக மாசடைந்த பத்து இடங்களின் பட்டியலை வெளியிட்டது. செர்னோபில், நோரில்ஸ்க், காப்வே ஆகிய பெயர்களோடு தமிழ்நாட்டின் ராணிப்பேட்டையும் அதில் இருந்தது. மூடிக் கிடந்த ஒரு குரோமிய இரசாயன ஆலையின் திடக்கழிவு இரண்டு ஹெக்டேர் பரப்பில், மூன்று முதல் ஐந்து மீட்டர் உயரத்துக்குக் குவிந்திருப்பதாகவும், அதன் எடை 15 லட்சம் டன் என்றும் அந்த அறிக்கை கூறியது. மாநில மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் மதிப்பீடு என்றே அந்த எண் தரப்பட்டிருந்தது.

பள்ளிக் கணக்கு அறிந்த எவரும் இந்த எண்களைச் சோதிக்கலாம். இரண்டு ஹெக்டேர் என்பது 20,000 சதுர மீட்டர். உயரத்தை ஐந்து மீட்டர் என்றே முழுமையாகக் கொண்டாலும் கன அளவு ஒரு லட்சம் கன மீட்டரைத் தாண்டாது. அதற்குள் 15 லட்சம் டன் அடங்க வேண்டுமானால் ஒரு கன மீட்டர் கழிவின் எடை 15 டன் ஆக வேண்டும். ஈயத்தின் எடையே கன மீட்டருக்கு 11 டன்னைச் சற்றுத்தான் தாண்டும். ஆகவே ஒரு சுழியம் எங்கோ கூடியிருக்க வேண்டும். ஒன்றரை லட்சம் டன் என்றால் கணக்கு இயல்பாகப் பொருந்துகிறது. பின்னாளில் அரசு ஆவணங்களிலும் நாளிதழ்களிலும் வழங்கிய எண் 2.27 லட்சம் டன்.

ஒரு பிழையைச் சுட்டிக்காட்டி மகிழ்வதற்காக இதை எழுதவில்லை. உலகப் பட்டியலில் இடம்பெற்று, நீதிமன்றங்களில் பேசப்பட்டு, ஆய்வேடுகளில் மேற்கோளான ஒரு நச்சுக் குவியலின் எடை ஒன்றரை லட்சத்துக்கும் பதினைந்து லட்சத்துக்கும் இடையே அலைந்தது எப்படி என்பதே என் கேள்வி. நம் நாட்டின் சுற்றுச்சூழல் வரலாற்றை நாம் பெரும்பாலும் போராட்டங்களின் வரலாறாகவும் தீர்ப்புகளின் வரலாறாகவும் எழுதுகிறோம். அதற்குள் மறைந்து கிடக்கும் இன்னொரு வரலாறு உண்டு. மண்ணைத் தோண்டி, கிணற்று நீரை எடுத்து, எவ்வளவு நஞ்சு, எவ்வளவு ஆழம், எந்தத் திசை என்று அளப்பதற்கான செலவை யார் ஏற்றார்கள் என்பதே அது. ராணிப்பேட்டை போன்ற சிறு நகரங்களின் விதியைத் தீர்மானித்ததில் இந்தக் கேள்விக்கு, நாம் எண்ணுவதைவிடப் பெரிய பங்கு இருக்கிறது.

குவியலின் பிறப்பிலிருந்து தொடங்குவோம். பாலாற்றுப் படுகையில் ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என நீளும் தோல் பதனிடும் வட்டாரம், பட்டை கொண்டு பதனிடும் பழைய முறையிலிருந்து குரோமிய உப்பு கொண்டு பதனிடும் விரைவான முறைக்குப் பெருமளவில் மாறியபோது, அந்த உப்புக்கு உள்ளூரிலேயே சந்தை உருவாயிற்று. தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் நிறுவனம் 1970களின் நடுப்பகுதியிலிருந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சோடியம் டைகுரோமேட்டையும், பதனிடப் பயன்படும் குரோமிய சல்ஃபேட்டையும் உற்பத்தி செய்தது. 1990களின் நடுப்பகுதியில் ஆலை மூடப்பட்டது. கழிவு அங்கேயே தங்கிவிட்டது.

குரோமியத் தாதுவைச் சோடா உப்போடும் சுண்ணாம்போடும் சேர்த்து ஆயிரம் டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் வறுத்து, நீரில் கரைத்துக் குரோமேட்டைப் பிரித்தெடுப்பது அந்தத் தொழிலின் பழைய முறை. கரையாமல் எஞ்சும் கசடில், ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் சிறிதளவு சிக்கிக்கொள்ளும். பதனிட்ட தோலில் தங்கும் மூன்று இணைதிறன் குரோமியம் நீரில் எளிதில் கரையாதது, நச்சுத்தன்மையும் குறைந்தது. ஆறு இணைதிறன் வடிவமோ நீரில் கரைந்து ஓடும். மூச்சுவழிச் சென்றால் நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கும். மழை பெய்யும்போதெல்லாம் கசடு சிறிது சிறிதாக அதை வெளிவிடுகிறது. மழைநீர் மஞ்சளாக ஓடுகிறது. குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். அந்த மஞ்சள் நிறம் கண்ணுக்குத் தெரிவதற்குள் வரம்பு எப்போதோ தாண்டப்பட்டிருக்கும்.

இது எத்தனை காலம் நீளும் என்பதற்கு ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரம் சான்று. அங்கே ஷாஃபீல்டு என்ற இடத்தில் ஜே. அண்ட் ஜே. வொய்ட் நிறுவனம் பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் இதே குரோமேட் தொழிலை நடத்தியது. அத்தொழிலாளரின் நிலையைக் கண்டித்துத் தொழிலாளர் தலைவர் கீர் ஹார்டி 1899இல் எழுதினார். ஆலை 1967இல் மூடப்பட்டது. அதன் கசடு நகரின் தென்கிழக்குப் பகுதியில் பள்ளங்களை நிரப்பப் பயன்பட்டிருந்தது. ஆலை மூடி அரை நூற்றாண்டு கழிந்த பின்னரும், அப்பகுதியின் ஓடையொன்று பச்சையும் மஞ்சளுமாக நிறம் மாறுவது செய்தியாகிறது. மூடிய ஆலை ஓய்ந்த ஆலை ஆகிவிடாது.

இனி, அளப்பது என்றால் என்ன? முதலில் நிலத்தின் வரலாற்றை எழுத வேண்டும். யார் உரிமையாளர், எந்த ஆண்டில் எந்த மூலப்பொருள் வந்தது, கழிவு எங்கே கொட்டப்பட்டது என்று பழைய வரைபடங்களையும் உரிம ஆவணங்களையும் புரட்டி, அங்கே வேலை செய்தவர்களிடம் கேட்டுத் தொகுப்பது முதற்கட்டம். அடுத்து ஆழ்துளையிட்டுப் பல ஆழங்களில் மண்ணெடுத்தல், கண்காணிப்புக் கிணறுகள் அமைத்தல், மழைக்கு முன்னும் பின்னும் நீர் மாதிரி எடுத்தல், ஆய்வகச் சோதனை, நிலத்தடி நீரின் போக்கைக் கணித்தல், அந்நீரைக் குடிப்போர் யார் என்று கண்டறிதல். இதில் எந்த ஒன்றையும் ஒரு சிறு நகரத்தின் நகராட்சி தன் சொத்து வரியைக் கொண்டு செய்துவிட முடியாது. அதன் வரவு குடிநீருக்கும் சாக்கடைக்கும் தெருவிளக்குக்குமே பற்றாத வரவு. ஆகவே மாநிலத் தலைநகரையோ தில்லியையோ அது எதிர்நோக்கியாக வேண்டும்.

தில்லியில் இந்த வரலாற்றின் முதன்மையான ஆண்டு 1996. அவ்வாண்டு பிப்ரவரி 13 அன்று உச்ச நீதிமன்றம் ராஜஸ்தானின் பிச்சிரி கிராம வழக்கில் தீர்ப்பளித்தது. சாயப் பொருளுக்கான எச்-அமிலம் தயாரித்த ஆலைகளின் கழிவால் உதய்ப்பூர் அருகே கிணறுகள் பாழாயின. நாக்பூரின் தேசிய சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் மண்ணையும் நீரையும் ஆய்ந்து நீதிமன்றத்துக்கு அறிக்கை அளித்தது. அந்த அறிக்கை இருந்ததனால்தான் சீரமைப்புக்கு ஒரு தொகையைச் சொல்ல முடிந்தது. 37.385 கோடி ரூபாயையும் அதற்கான கூட்டு வட்டியையும் ஆலைகள் செலுத்த வேண்டும் என்று 2011இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தபோது, பதினைந்து ஆண்டுகள் கடந்திருந்தன. தாமதம் கொடியதுதான். ஆயினும் அந்த வழக்கு நிலைத்து நின்றதற்கு, பொது நிறுவனம் ஒன்று அளந்து வைத்திருந்த எண் காரணமாயிற்று.

அதே ஆண்டு மே 10 அன்று, தில்லியிலிருந்து வெளியேற வேண்டிய ஆலைகளின் நிலத்தை என்ன செய்வது என்று நீதிபதி குல்தீப் சிங் அமர்வு வகுத்துரைத்தது. ஜூலை 8 அன்று, தீங்கு விளைவிக்கும் 168 ஆலைகளை நவம்பர் 30க்குள் தலைநகரில் மூடும்படி உத்தரவிட்டது. மே மாத ஆணையின் நிலப் பங்கீட்டுப் பட்டியல் படிக்கத் தக்கது. நிலம் எவ்வளவு பெரிதோ, அவ்வளவு பெரிய பங்கு பொதுப் பயனுக்காகத் தில்லி வளர்ச்சிக் குழுமத்துக்கு. பத்து ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலமானால் 68 விழுக்காடு. பூங்கா, பசுமைப் பரப்பு என்ற நோக்கம் உயர்ந்தது. ஆனால் பட்டியலின் அளவுகோல் பரப்பு மட்டுமே. பல பதினாண்டுகள் அமிலமும் காரமும் உலோகமும் சிந்திய மண்ணின் நிலை அதில் ஒரு கட்டமாக இடம்பெறவில்லை. புகை வெளியேறினால் மாசும் வெளியேறிவிடும் என்பதே அக்காலத்தின் பொதுப் புரிதல். நிலத்தின் மதிப்பைச் சதுர மீட்டரில் அளந்தார்கள்.

ஆகஸ்ட் 28 அன்று அதே குல்தீப் சிங் தலைமையிலான அமர்விலிருந்து வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கின் தீர்ப்பு வந்தது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாடும் முன்னெச்சரிக்கைக் கோட்பாடும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்த தீர்ப்பு அது. சட்ட மாணவர் அனைவரும் அறிந்தது. அது எந்த எண்களின் மீது எழுப்பப்பட்டது என்பது அவ்வளவாக நினைக்கப்படுவதில்லை. தோல் பதனிடும் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றுப் போயிற்று என்று கூறியது, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம். திண்டுக்கல் வட்டாரத்தின் 13 கிராமங்களில் 467 கிணறுகளுள் 350 கெட்டுவிட்டன என்று எண்ணிச் சொன்னது ஒரு தன்னார்வ அமைப்பு. ஒன்று பொதுப் பணத்தில் நடந்த ஆய்வு. மற்றொன்று தொண்டர்களின் கால்நடை. இவ்விரண்டும் இல்லாதிருந்தால் கோட்பாடு இருந்திருக்கும். அதைப் பொருத்துவதற்கான நிலம் இருந்திராது.

மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டுக்குள் ஓர் ஊகம் பொதிந்திருக்கிறது. மாசுபடுத்தியவர் இருக்கிறார், அவரிடம் பணமும் இருக்கிறது என்பது அந்த ஊகம். வேலூர் வழக்கு நூற்றுக்கணக்கான இயங்கும் தோல் ஆலைகளைப் பற்றியது. மூடிப் போன குரோமேட் ஆலையின் வாசலில் அந்தக் கோட்பாடு யாரிடம் கையேந்தும்?

மாசுபடுத்தியவர் செல்வராக இருந்தால் சிக்கல் தீர்ந்துவிடுமா? கொடைக்கானல் வேறொரு பாடம் சொல்கிறது. அங்கே ஹிந்துஸ்தான் லீவரின் வெப்பமானி ஆலை, பாதரசம் கலந்த கண்ணாடிச் சிதறல்கள் ஊரின் பழைய பொருள் கடையில் கண்டெடுக்கப்பட்ட பின் 2001 மார்ச்சில் மூடப்பட்டது. 2003இல் ஏறத்தாழ 290 டன் பாதரசக் கழிவு அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. நிறுவனம் இருந்தது, பணமும் இருந்தது. மண்ணை ஆய்ந்த முதல் ஆலோசகர்களையும் நிறுவனமே அமர்த்தியது. எனவே, எவ்வளவு பாதரசம் சோலைக்குள் போயிற்று, எந்த அளவு வரை மண்ணைத் தூய்மை செய்தால் போதும் என்ற கேள்விகள் ஆண்டுக்கணக்கில் தீரவில்லை. கிலோ மண்ணுக்கு 20 மில்லிகிராம் என்ற இலக்கைச் சூழலியலாளர்கள் ஏற்க மறுத்தனர். எண் சரியா தவறா என்பது ஒருபுறமிருக்க, குற்றம் சாட்டப்பட்டவர் பிடித்த தராசு என்பதனாலேயே அந்த எண்ணின் மேல் ஐயம் படிந்தது. ஆளில்லாத இடத்தில் அளப்பாரில்லை. ஆளிருக்கும் இடத்தில் அளவை நம்புவாரில்லை. இரண்டுக்கும் விடை ஒன்றே. அளக்கும் செலவைப் பொதுப் பணம் முதலில் ஏற்க வேண்டும். பொறுப்பாளி யாரென்று தெளிந்த பின் அவரிடம் அதை வசூலிக்க வேண்டும்.

அமெரிக்கா இந்த விடையை 1980இல் எட்டியது. நயாகரா அருவிக்கு அருகே லவ் கால்வாய் குடியிருப்பின் கீழே புதைந்திருந்த இரசாயனக் கழிவு 1978இல் நாட்டையே உலுக்கியது. இரண்டே ஆண்டுகளில் சூப்பர்ஃபண்ட் என்று வழங்கும் சட்டம் பிறந்தது. பெட்ரோலியத்தின் மீதும் இரசாயன மூலப்பொருள்களின் மீதும் வரி விதித்து, அந்நிதியால் கேட்பாரற்ற இடங்களை ஆய்ந்து தூய்மை செய்வது ஏற்பாடு. பின்னர் 2002இல் வந்த சட்டம், பழைய ஆலை நிலங்களை மதிப்பிடுவதற்கென்றே உள்ளாட்சிகளுக்கு மானியம் வழங்கும் முறையை நிலைப்படுத்தியது. ஓர் இடத்துக்கு இரண்டு லட்சம் டாலர் வரை கேட்டு ஒரு சிற்றூரும் விண்ணப்பிக்கலாம். அந்த ஏற்பாடும் குறையற்றதன்று. வரி விதிக்கும் அதிகாரம் 1995இல் காலாவதியாயிற்று. 2021இல்தான் மீண்டும் உயிர்பெற்றது. இடைக்காலத்தில் நிதி வற்றிப் பணிகள் தளர்ந்தன. நிலையான வரவு இல்லாத நிதி நிலையான நிதி ஆகாது என்பதை அந்நாடு கண்டறிந்தது.

நமக்கும் அத்தகைய வாய்ப்பு ஒன்று வந்தது. 2010இல் மத்திய அரசு நிலக்கரி மீது டன்னுக்கு 50 ரூபாய் தூய எரிசக்தி மேல்வரி விதித்து, தேசியத் தூய எரிசக்தி நிதியை உருவாக்கியது. மேல்வரி 2014இல் 100, 2015இல் 200, 2016இல் 400 ரூபாயாக உயர்ந்தது. மாசடைந்த இடங்களின் சீரமைப்பும் அந்நிதியின் பயன்களுள் சேர்க்கப்பட்டது. மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியம் விரிவான திட்ட அறிக்கை தயாரிக்கத் தேர்ந்த இடங்களுள் ராணிப்பேட்டை, கேரளத்தின் ஏலூர், ஒடிசாவின் கஞ்சம், மத்தியப் பிரதேசத்தின் ரத்லாம் ஆகியவை அடங்கும். முதன்முறையாக, ஒரு சிறு நகரத்தின் நச்சு மண்ணை ஆய்வதற்குத் தில்லியில் தனித் தலைப்பில் பணம் இருந்தது.

அந்தப் பணத்தின் கதையை மூன்று எண்கள் சொல்லும். 2010-11 முதல் 2017-18 வரை மேல்வரியாகத் திரண்டது ஏறத்தாழ 86,440 கோடி ரூபாய். அதில் நிதிக்கு மாற்றப்பட்டது ஏறத்தாழ 29,600 கோடி. திட்டங்களுக்குச் செலவானது ஏறத்தாழ 15,900 கோடி. அதிலும் பெரும்பங்கு புதுப்பிக்கத்தக்க எரிசக்திக்கும் பிற திட்டங்களுக்கும் சென்றது. 2017 ஜூலை 1 அன்று சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது மேல்வரி நீக்கப்பட்டது. அதே 400 ரூபாய், மாநிலங்களுக்கு இழப்பீடு வழங்கும் வேறொரு மேல்வரியாக உருமாறியது. வரி தொடர்ந்தது; அதன் நோக்கம் மாறிவிட்டது. இதை எதிர்த்து நாடாளுமன்றத்துக்கு வெளியே ஊர்வலம் எதுவும் போகவில்லை. கணக்குத் தலைப்பு ஒன்று மறைவது யார் கண்ணிலும் படாத நிகழ்ச்சி. இதே காலத்தில் உலக வங்கியின் துணையோடு 2010இல் தொடங்கிய தொழில் மாசு மேலாண்மைத் திட்டம், நாடு தழுவிய வழிமுறைகளை வகுக்க உதவியது. எனினும் அதன் களப்பணிக்குத் தேர்வான மாநிலங்கள் ஆந்திரப் பிரதேசமும் மேற்கு வங்கமும்.

ஒரு மறுப்பை இங்கே எதிர்கொள்ள வேண்டும். ராணிப்பேட்டையை யாரும் ஆய்வு செய்யவில்லை என்று சொல்ல முடியாது. ஐதராபாத்தின் தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனம் உட்படப் பல அறிஞர்கள் அங்கே நீரின் போக்கைக் கணித்திருக்கிறார்கள். ஆய்வுக் கட்டுரைகள் அடுக்கடுக்காக உள்ளன. ஊர் மக்களின் கண்ணில் ஆய்வாளர் என்பவர் புட்டியில் நீரை நிரப்பிக்கொண்டு போய்த் திரும்பி வராத ஒருவர். ஆய்வே செயலைத் தள்ளிப்போடும் உத்தியாகவும் ஆகலாம் அன்றோ?

ஆகலாம், ஆகியும் இருக்கிறது. ஆனால் அறிஞரின் ஆய்வும் அரசின் மதிப்பீடும் ஒன்றல்ல. ஆய்வுக் கட்டுரை ஒரு கேள்விக்கு விடை தேடும். தன் கேள்வி முடிந்ததும் விலகிக்கொள்ளும். மதிப்பீடோ சட்டப்படியான ஆவணம். எல்லை குறித்து, அளவு குறித்து, செலவு குறித்து, பொறுப்பாளியைக் குறித்து, அடுத்த கட்டத்தை ஓர் அலுவலகத்தின் கடமையாக்குவது. முன்னதை எத்தனை முறை செய்தாலும் பின்னது ஆகாது. குவியலின் எடையில் ஒரு சுழியம் ஆண்டுகளாகத் திருத்தப்படாமல் இருந்ததற்கும் இதுவே காரணம் என்று நான் கருதுகிறேன். கட்டுரைகளுக்கு அந்த எடை முன்னுரையில் வரும் ஒரு வரி. டன்னுக்கு இவ்வளவு என்று அகற்றும் செலவைக் கணக்கிட்டுப் பணம் ஒதுக்க வேண்டியவருக்கு மட்டுமே ஒன்றரைக்கும் பதினைந்துக்கும் உள்ள வேறுபாடு உறுத்தும்.

2025ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் இரண்டு புதிய பக்கங்களைச் சேர்த்தது. ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் வேலூர்த் தோல் ஆலை விவகாரத்தில், பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு இன்னும் சேராத இழப்பீட்டை மாநில அரசே ஆறு வாரத்தில் கொடுத்துவிட்டு, மாசுபடுத்தியோரிடம் பின்னர் வசூலிக்க வேண்டும் என்று ஆணையிட்டது. முதலில் அரசு கொடுக்கட்டும், பிறகு வசூலிக்கட்டும் என்ற இந்த வரிசைமுறை, 1996இன் கோட்பாட்டில் இருந்த இடைவெளியை நீதிமன்றமே ஒப்புக்கொண்டதற்கு ஒப்பாகும்.

ஜூலையில் மத்திய அரசு மாசடைந்த இடங்களின் மேலாண்மைக்கான விதிகளை அறிவித்தது. மாவட்ட நிர்வாகம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஐயத்துக்குரிய இடங்களைத் தெரிவிக்க வேண்டும். மாநில வாரியம் அல்லது அங்கீகரிக்கப்பட்ட நிறுவனம் 90 நாளில் முதற்கட்ட மதிப்பீட்டையும், அடுத்த மூன்று மாதத்தில் விரிவான ஆய்வையும் முடிக்க வேண்டும். பொறுப்பாளியைக் கண்டறிய வாரியத்துக்கு 90 நாள். அவர் கிடைக்கவில்லை என்றால் செலவை மத்திய, மாநில அரசுகள் ஏற்கும். அளப்பதற்குக் காலவரம்பு இடப்பட்டது பெரிய முன்னேற்றம். மாசடைந்ததாக உறுதியான இடத்தை எத்தனை ஆண்டில் தூய்மை செய்து முடிக்க வேண்டும் என்பதற்கு வரம்பு இல்லை. அப்போது நாட்டில் அடையாளம் காணப்பட்டிருந்த இடங்கள் 103. சீரமைப்புப் பணி தொடங்கியிருந்தவை 7.

ராணிப்பேட்டை 2019இல் மாவட்டத் தலைநகராயிற்று. ஆகவே ஐயத்துக்குரிய இடங்களின் அரையாண்டுப் பட்டியலைத் தயாரிக்கும் மேசை இன்று அந்நகரிலேயே இருக்கிறது. கடிதம் எழுதத் தெரிந்த குடிமக்களும் அங்கே உண்டு. வேலூர் வழக்கே அப்படிப்பட்டோரால் தொடங்கப்பட்டதுதான். அந்த மேசையிலிருந்து எழும் கோரிக்கை சென்று சேரும் தில்லியில், ஆண்டுதோறும் வரவு உறுதியான, வேறு நோக்கத்துக்குத் திருப்ப முடியாத ஒரு கணக்குத் தலைப்பு இருக்கிறதா என்பதே இனி நாம் கேட்க வேண்டிய கேள்வி. 2010இல் அது இருந்தது, 2017இல் போயிற்று. அது போன நாளை எந்தப் போராட்டமும் நினைவு கூர்வதில்லை. வரவு செலவுத் திட்டத்தின் அடிக்குறிப்புகளையும் நம் சுற்றுச்சூழல் வரலாற்றின் மூல ஆவணங்களாக இனியேனும் படிக்கத் தொடங்குவோம். மழை பெய்தால் மஞ்சளாக ஓடும் நீருக்கு, டன்னில் எவ்வளவு என்ற ஒரு சரியான எண்ணையாவது அந்த ஊருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.